வாவிக்கரையை யார் வரைவது?

மட்டக்களப்பு மாவட்டத்துக் கிரானிலிருந்து புலிபாய்ந்தகல்லுக்கு வழி கேட்டால் கைபேசி தயங்காமல் ஒரு கோடு போட்டுக் காட்டும். சித்திரையிலும் அதே கோடு, மார்கழியிலும் அதே கோடு. மழை கனத்த மார்கழியில் அந்த வீதிக்கு மேலே வெள்ளம் பாயும். சனங்கள் படகேறித்தான் மறுபக்கம் போவார்கள். மோட்டார் சைக்கிளும் படகில் ஏறும், அரிசி மூட்டையும் ஏறும். வெள்ளம் வந்த வருஷமெல்லாம் பத்திரிகையில் இந்தப் படம் வந்துவிடும். கைபேசிக்கு மட்டும் இன்னும் சேதி போய்ச் சேரவில்லை.

கைபேசியைக் குறை சொல்லிப் பயனில்லை. அதற்குள் இருக்கும் வரைபடத்தை எங்கோ இருந்த ஒருவர் செய்மதிப் படத்தைப் பார்த்து வரைந்தார். படம் எடுத்த அன்றைக்கு வானம் தெளிவாக இருந்தது, வீதி தெரிந்தது, வரைந்துவிட்டார். அந்த வீதி எந்த மாதம் மறையும், எந்த மதகடியில் முதலில் தண்ணீர் ஏறும் என்பதெல்லாம் கிரானில் இருப்பவர்களுக்கு மனப்பாடம். அதை எழுதிவைக்கும் வசதி இன்றைக்கு இணையத்தில் இலவசமாகவே கிடக்கிறது. பயன்படுத்துவோர்தான் குறைவு.

மட்டக்களப்பு இந்த வரைபட வேலைக்குப் புதிது என்று யாரும் நினைக்கவேண்டாம். மக்கள் சேர்ந்து வரையும் இணைய வரைபடத்தின் வரலாற்றில் இந்த ஊருக்கு ஓர் இடம் உண்டு. ஊருக்குள்ளேயே பலருக்கு அது தெரியாது.

முப்பதாயிரம் கூரைகள்

இலங்கை நில அளவைத் திணைக்களம் 1800இல் தொடங்கியது. நாட்டின் மிகப் பழைய அரச திணைக்களங்களில் ஒன்று. ஒரு மைலை ஓர் அங்குலத்துக்குள் அடக்கிய பழைய தாள்களும், பின்னால் 1:50,000 அளவில் வந்த தாள்களும் இன்றைக்கும் மதிப்புக் குறையாதவை. ஆனால் அந்த அளவில் தாளின் ஒரு சென்றிமீற்றர் நிலத்தில் 500 மீற்றர். கடலுக்கும் வாவிக்கும் நடுவே ஒடுங்கிக் கிடக்கும் நாவலடியை அதில் தேடிப் பார்த்தால், முழு ஊரும் ஒரு விரலுக்குள் அடங்கிவிடும். 2004 டிசம்பர் 26 காலையில் கடல் அந்த மணல் திட்டைத் தாண்டி வாவிக்குள் இறங்கியது. எந்த ஒழுங்கையில் எத்தனை வீடு இருந்தது என்று பிறகு தேடியவர்களுக்கு, தப்பியவர்களின் ஞாபகந்தான் வரைபடம். கூகிள் மேப்ஸ் வந்ததே 2005 பெப்ரவரியில். லண்டனில் ஸ்டீவ் கோஸ்ட் 2004 ஆகஸ்டில் தொடங்கிய ஓபன்ஸ்ட்ரீட்மேப்புக்கு அப்போது நாலு மாத வயது.

யாரும் திருத்தலாம், யாரும் இலவசமாக எடுத்துப் பயன்படுத்தலாம் என்ற ஏற்பாட்டில் வளர்ந்தது அந்த ஓபன்ஸ்ட்ரீட்மேப். அதன் பலம் உலகத்துக்குப் புரிந்தது 2010 ஜனவரியில், ஹெயிட்டி நிலநடுக்கத்தின்போது. தலைநகரின் தெருக்களைப் பல நாட்டுத் தன்னார்வலர்கள் செய்மதிப் படத்தின் மேல் சில நாட்களில் வரைந்து கொடுத்தார்கள். மீட்புக்குப் போனவர்கள் அதைத்தான் கையில் வைத்திருந்தார்கள். அனர்த்தம் நடந்த பிறகு அவசரமாக வரைவதைவிட முன்கூட்டியே வரைந்து வைத்தால் என்ன என்ற கேள்வி அடுத்து வந்தது. உலக வங்கி மூன்று நகரங்களில் அதைச் செய்து பார்த்தது: காத்மண்டு, டாக்கா, மட்டக்களப்பு.

மட்டக்களப்பைத் தெரிந்தெடுக்கக் காரணம் தேடவேண்டியதில்லை. 1978 நவம்பர்ச் சூறாவளி, 2004 ஆழிப்பேரலை, 2011 ஜனவரி வெள்ளம் என்று மூன்று வகை அழிவையும் ஒரே தலைமுறை பார்த்த நகரம் இது. 2012இன் பிற்பகுதியில், அனர்த்த முகாமைத்துவ நிலையத்தோடு சேர்ந்து, மண்முனை வடக்கு பிரதேச செயலகப் பிரிவில் வேலை தொடங்கியது. புளியந்தீவும் கல்லடியும் நாவலடியும் உள்ள பிரிவு. செய்மதிப் படத்தில் தெரியும் ஒவ்வொரு கூரையின் விளிம்பையும் கணினியில் வரைந்தார்கள். பிறகு தாளில் அச்சிட்டு எடுத்துக்கொண்டு ஒழுங்கை ஒழுங்கையாகப் போய், மேலிருந்து தெரியாததைக் கேட்டு எழுதினார்கள். எத்தனை மாடி? சுவர் கல்லா, பலகையா, கிடுகா? கூரை ஓடா, தகரமா, கொங்கிறீற்றா? வீடா, கடையா, பள்ளிக்கூடமா? சில மாதங்களுக்குள் ஏறத்தாழ 30,000 கட்டிடங்கள் ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் ஏறின.

இவ்வளவு நுணுக்கம் எதற்கு என்று கேட்கலாம். வெள்ளம் எதுவரை ஏறும் என்ற ஒரு வரைபடத்தையும், வீடுகளின் வரைபடத்தையும் ஒன்றின்மேல் ஒன்று வைத்துப் பாருங்கள். ஒரு மீற்றர் தண்ணீர் ஏறினால் எத்தனை கிடுகு வீடு போகும், எத்தனை மாடி வீடு தப்பும், நலன்புரி நிலையமாக நினைத்து வைத்திருக்கும் பள்ளிக்கூடமே தண்ணீருக்குள் நிற்குமா என்பதெல்லாம் வெள்ளம் வருவதற்கு முன்பே தெரிந்துவிடும். இந்தக் கணக்கைப் போட இன்சேஃப் போன்ற இலவச மென்பொருள்கள் அந்தக் காலத்திலேயே வந்துவிட்டன.

நல்ல வேலை. ஆனால் எந்த வரைபடத்துக்கும் ஒரு தேதி உண்டு. வரைந்துகொண்டிருந்த மாதங்களிலேயே கல்லடியில் 1924இன் இரும்புப் பாலத்துக்குப் பக்கத்தில் புதுப் பாலம் எழும்பிக்கொண்டிருந்தது. 2013 மார்ச்சில் திறந்தார்கள். அடுத்த ஆண்டு ஏப்ரலில் மண்முனைப் பாலம் திறந்தது, மண்முனைத் துறையில் ஓடிக்கொண்டிருந்த பாதை என்ற மிதவைப் படகுக்கு வேலை போயிற்று. வீட்டுத் திட்டங்கள் வந்தன, கிடுகுக் கூரை ஓட்டுக் கூரையாயிற்று. திட்டத்துக்கு முடிவுத் தேதி இருக்கும். ஊர் மாறுவதற்கு முடிவுத் தேதி கிடையாது.

காத்மண்டுவில் அந்த முயற்சியில் ஈடுபட்டவர்கள் திட்டத்தோடு கலைந்துபோகவில்லை. காத்மண்டு லிவிங் லாப்ஸ் என்ற பெயரில் சொந்த அமைப்பாக நின்றார்கள். 2015 ஏப்ரலில் நேபாளம் குலுங்கியபோது, உலகெங்கும் ஆயிரக்கணக்கானோர் வரைய முன்வந்தார்கள். எங்கே வரையவேண்டும், எது அவசரம் என்று சொல்ல உள்ளூரில் ஆள் இருந்தது. மட்டக்களப்பில் அந்த வேலைக்குப் பொருத்தமான இடம் வந்தாறுமூலை. கிழக்குப் பல்கலைக்கழகத்தில் ஒரு மேசையும் இரண்டு கணினியும், ஒவ்வொரு தொகுதி மாணவரும் ஒரு கிராம சேவகர் பிரிவைப் புதுப்பிக்கவேண்டும் என்ற ஒரு பாடவேலையும் போதும்.

அடியில் உலகம், மேலே நம் வேலை

பெரிய திட்டம் வரட்டும் என்று காத்திருக்கவும் தேவையில்லை. பொதுவான வரைபடத்தை அடியில் வைத்து, நமக்கு வேண்டியதை மட்டும் மேலே வரைந்துகொள்ளும் இணையக் கருவிகள் பல இருக்கின்றன. பிரான்சின் ஓபன்ஸ்ட்ரீட்மேப் குழுவினர் நடத்தும் யூமேப் அவற்றில் ஒன்று. பணம் கேட்காது, கணக்குத் திறக்காமலும் வரையலாம். கூகிளின் மை மேப்ஸ் இன்னொன்று.

வேலை மூன்றே வகைதான். புள்ளி, கோடு, பரப்பு. நலன்புரி நிலையம் ஒரு புள்ளி, தண்ணீர் மூடும் வீதி ஒரு கோடு, தாழ்ந்த வயல்வெளி ஒரு பரப்பு. ஒவ்வொரு வகையையும் தனித்தனி அடுக்கில் வைத்தால், பார்ப்பவர் வேண்டியதைத் திறந்து வேண்டாததை மூடிக்கொள்ளலாம். புள்ளியைத் தொட்டால் அதைப் பற்றிய குறிப்பு விரியும். அங்கே எழுத்தும் போடலாம், படமும் போடலாம். எல்லாவற்றையும் கையால் குத்திக்கொண்டிருக்கவும் வேண்டாம். எக்செல் தாளில் பெயர், அகலாங்கு, நெட்டாங்கு என்று மூன்று நிரல் எழுதி, சிஎஸ்வி கோப்பாகச் சேமித்து ஏற்றினால் அத்தனை புள்ளியும் தானாகவே போய் உட்காரும். மை மேப்ஸில் ஒரு வரைபடத்துக்குப் பத்து அடுக்கு, ஒரு தடவை ஏற்றும் தாளில் 2,000 வரி என்ற கட்டுப்பாடு உண்டு. ஒரு பிரதேச செயலகப் பிரிவுக்கு அது தாராளம்.

அகலாங்கையும் நெட்டாங்கையும் இடம் மாற்றி எழுதுவது உலகம் முழுக்க நடக்கும் பிழை. மட்டக்களப்பு நகரம் வடக்கே 7.71 பாகை, கிழக்கே 81.70 பாகை. மாற்றிப் போட்டால் கோட்டைமுனைக் கடைகளெல்லாம் வடதுருவத்துக்குக் கிட்ட, ஸ்வால்பார்ட் தீவுகளுக்கு அப்பால் பனிக்கடலில் மிதக்கும். அப்படித் தெரிந்தால் பதறாமல் நிரல்களின் தலைப்பை மாற்றினால் சரி. தசமத்துக்குப் பின்னால் எத்தனை இலக்கம் என்பதும் கவனிக்கவேண்டியது. ஒரு பாகை ஏறக்குறைய 111 கிலோமீற்றர். நாலு இலக்கம் எழுதினால் 11 மீற்றருக்குள் இடம் பிடிக்கும், ஐந்து எழுதினால் ஒரு மீற்றருக்கு வந்துவிடும். இரண்டு இலக்கத்தோடு நிறுத்தினால், கிணறு அடுத்த ஊருக்குப் போய்விடும்.

இன்னொரு எச்சரிக்கை. கூகிளின் படத்தைப் பார்த்து வரைந்ததை ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் ஏற்றக்கூடாது. அந்தப் படத்தின் உரிமை வேறு. அனுமதி பெற்ற செய்மதிப் படங்களைத் திருத்தும் பக்கத்திலேயே தருகிறார்கள், அதன் மேல்தான் வரையவேண்டும். அங்கே ஓர் ஊருக்குத் தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் தனித்தனியே பெயர் எழுத இடம் உண்டு. களுவாஞ்சிகுடியை ஆங்கிலத்தில் நாலைந்து விதமாக எழுதுகிறோம். தமிழ்ப் பெயரை யாராவது ஒரு தடவை ஏற்றிவிட்டால் தேடுகிறவருக்கு அலைச்சல் மிச்சம்.

இப்படிப்பட்ட வரைபடத்துக்கு எவ்வளவு வேகம் உண்டு என்பதை 2015 கடைசியில் சென்னை காட்டியது. வெள்ளத்தில் நகரம் மூழ்கியபோது அருண் கணேஷ் என்ற வரைபடக் கலைஞர், ஓபன்ஸ்ட்ரீட்மேப்பின் தெருக்களை அடியில் வைத்து ஓர் இணைய வரைபடம் செய்தார். தன் தெருவில் தண்ணீர் நிற்கிறது என்றால் அந்தத் தெருவைத் தொடவேண்டும், நிறம் மாறும். அவ்வளவே. அலுவலகத்திலிருந்து வீட்டுக்குப் போக வழி தேடியவர்கள் அதைப் பார்த்தார்கள். தெருக்கள் முன்னரே ஒழுங்காக வரையப்பட்டிருந்ததால்தான் சில நாட்களில் அது முடிந்தது. மண்முனை வடக்கில் 2013இலேயே அந்த அடித்தளம் போட்டாயிற்று. வாவியின் மேற்கே, படுவான்கரையில்தான் வேலை பாக்கி.

நகரும் கரை

வீட்டை வரைவது சுலபம். அது இருந்த இடத்தில் இருக்கும். இந்த மாவட்டத்தில் வரைவதற்குக் கஷ்டமான பொருள் வாவி.

தெற்கு வடக்காக 56 கிலோமீற்றர் நீளம். எழுவான்கரைக்கும் படுவான்கரைக்கும் நடுவே கிடக்கிறது. வரைபடத்தில் அதற்கு ஒரு நீல விளிம்பு போட்டிருப்பார்கள். எந்த மாதத்து விளிம்பு? ஆவணியில் சேறு காய்ந்து மாடு மேயும் இடத்தில் கார்த்திகையில் தோணி போகும். உன்னிச்சைக் குளத்தின் வான்கதவுகளைத் திறந்தார்களென்றால் வவுணதீவுப் பக்கத்தில் கரை ஒரே இரவில் வயலுக்குள் வந்துவிடும். ஒரு கோட்டால் இதைச் சொல்ல முடியாது. இரண்டு கோடாவது வேண்டும்: வற்றுக்காலத்துக்கு ஒன்று, பெருக்குக்காலத்துக்கு ஒன்று, இரண்டுக்கும் தேதி.

வாவிக்குக் கடலோடு தொடுப்பு இரண்டு இடத்தில். வடக்கே பாலமீன்மடு முகத்துவாரம், தெற்கே கல்லாறு. மழை ஓய்ந்தால் மணல் ஏறி வாய் அடைபடும். மாரியில் தண்ணீர் முட்டினால் தானாக உடைக்கும், அல்லது வெட்டிவிடுவார்கள். ஆற்றுவாயை எப்போது வெட்டுவது என்பதுதான் இந்த மாவட்டத்தின் வருடாந்த வழக்கு. பெரும்போகம் விதைத்து, பயிர் தண்ணீருக்குள் நிற்கும் விவசாயிக்கு இன்றைக்கே வெட்டவேண்டும். வாவியில் வலை போடுகிறவருக்கு அவ்வளவு அவசரம் இல்லை. வாய் திறந்தால்தான் கடலிலிருந்து இறால் குஞ்சு உள்ளே வரும் என்பது அவருக்குத் தெரியும். அகாலத்தில் திறந்தால் வளர்ந்த இறால் வெளியே போய்விடும் என்பதும் தெரியும். இரண்டு தரப்பும் கூட்டத்தில் கூடும்போது பேச்சு ஞாபகத்தை வைத்தே நடக்கிறது. போன தடவை எந்த இடத்தில் வெட்டினோம், எத்தனை நாளில் தண்ணீர் இறங்கியது, எந்த வயற்கண்டம் தப்பியது, எது அழிந்தது என்று ஆளுக்கொரு ஞாபகம்.

ஒரு யூமேப் வரைபடம் இந்தச் சண்டையைத் தீர்த்துவைக்காது. ஆனால் ஒவ்வொரு வருஷமும் வெட்டிய இடத்துக்கு ஒரு கோடு, வெட்டிய தேதி, அன்றைக்குத் தண்ணீர் நின்ற வயல்களுக்கு ஒரு பரப்பு என்று ஐந்து வருஷத்தை ஐந்து அடுக்காக வைத்தால், ஆறாவது வருஷம் பேச்சை வேறு இடத்திலிருந்து தொடங்கலாம். தரவுக்கும் பஞ்சமில்லை. ஐரோப்பாவின் சென்டினல்-2 செய்மதிகள் 10 மீற்றர் துல்லியத்தில் எடுக்கும் படங்கள் இலவசம். சில நாட்களுக்கு ஒன்று வரும். முகத்துவாரத்தில் மணல் மூடியிருக்கிறதா, வாய் திறந்திருக்கிறதா என்று வீட்டிலிருந்தே பார்க்கலாம். மாரியில் முகில் மறைக்கும். அப்போது சென்டினல்-1 கைகொடுக்கும். அது ராடார்; முகிலை ஊடுருவும். அசையாத நீர் ராடார் அலையை வேறு பக்கம் தள்ளிவிடுவதால் வெள்ளம் நின்ற இடம் படத்தில் கறுப்பாகத் தெரியும். அந்தக் கறுப்பின் விளிம்பை வரைந்தால் அன்றைய கரை கிடைத்துவிடும். பாடசாலைப் புவியியல் ஆசிரியர் ஒருவர் உயர்தர வகுப்பு மாணவரை வைத்துச் செய்யக்கூடிய வேலை இது.

படகுத் துறைகளையும் இதே வரைபடத்தில் சேர்க்கவேண்டும். குருமண்வெளியில் நின்று பார்த்தால் மண்டூர் கண்ணுக்கு முன்னால். பாதையில் ஏறினால் சற்று நேரத்தில் போய்விடலாம்; வீதியால் என்றால் பட்டிருப்புப் பாலத்தைச் சுற்றி, வெல்லாவெளியைத் தொட்டு வரவேண்டும். மண்டூர் முருகன் கோயில் திருவிழாவுக்குப் போகிறவர்களுக்கு இந்தக் கணக்கு அத்துப்படி. வெளியூர் அம்புலன்ஸ் சாரதிக்குத் தெரியாது. பாதை எத்தனை மணி வரைக்கும் ஓடும், காற்று பலத்தால் நிறுத்துவார்களா, வாகனம் ஏற்றலாமா என்பதைப் புள்ளியோடு எழுதிவைத்தால்தான் அது உதவும். வெறும் படகு அடையாளத்தால் பயனில்லை.

வரையக்கூடாதவை

வரைபடம் என்றாலே நல்லது என்று பேசுவோரிடம் எனக்குக் கொஞ்சம் சந்தேகம் உண்டு. யுத்தகாலத்தில் வரைபடம் ஒன்றைப் பையில் வைத்துக்கொண்டு சோதனைச்சாவடியைக் கடக்க இங்கே யாருக்கும் துணிவு இருந்திருக்காது. இடத்தைக் காட்டுவது ஆளைக் காட்டுவதாகிவிடும் என்று படித்த பாடம் சும்மா வந்ததில்லை, மறக்கவும் தேவையில்லை.

வெள்ளத்தில் முதலில் தூக்கவேண்டிய முதியவர் எந்த வீட்டில், நடக்க முடியாதவர் எந்த வீட்டில் என்ற பட்டியல் கிராம சேவகருக்கு அவசியம். ஆனால் அதையே எல்லோரும் பார்க்கும் இணைய வரைபடத்தில் பெயரோடு போட்டால், தனியே இருக்கும் கிழவியின் வீட்டுக்கு வழி காட்டிக் கொடுத்ததாகும். பார்க்க யாருக்கு அனுமதி என்று யூமேப்பில் தேர்ந்துகொள்ளலாம். அதைவிடப் பாதுகாப்பு, அந்த அடுக்கை இணையத்தில் ஏற்றாமலே விடுவது.

மீனவரிடம் வாவியின் ஆழம் கேளுங்கள், ஒரு பகல் முழுக்கச் சொல்வார். நண்டு எங்கே படும் என்று கேளுங்கள், எதிர்ப்பக்கத்தைக் காட்டுவார். அவர் செய்வது நியாயம். குஞ்சுமீன் வளரும் கண்டல் காட்டைப் பாதுகாப்புக்காகக் குறித்தால், தடைசெய்த வலைக்காரனுக்கும் அதே குறிப்பு வழி சொல்லும். மீனவர் சங்கத்தோடு பேசாமல் இந்த அடுக்கைத் தொடக்கூடாது.

காணி இன்னும் சிக்கல். இணையத்தில் போட்ட வேலிக்கோடு சட்டத்தின் முன் எதுவும் ஆகாது. உரிமம் பெற்ற நில அளவையாளரின் வரைபடமே செல்லும். இருந்தாலும் கோட்டைப் பார்த்தவர்கள் சண்டைக்கு வருவார்கள். மயிலத்தமடு, மாதவனை மேய்ச்சல்தரைக்காகப் பண்ணையாளர்கள் 2023 செப்டெம்பரில் சித்தாண்டியில் போராடத் தொடங்கியதை நினைத்தால், இந்த மாவட்டத்தில் ஒரு கோட்டின் கனம் புரியும். இப்படியான இடத்தில் எல்லை வரைவதை விட்டுவிட்டு, நிலத்தில் கண்ணால் காண்பதைக் குறிப்பது நல்லது. பட்டி இங்கே, நீர்நிலை இங்கே, மாடு போகும் தடம் இது, பார்த்த தேதி இது. ஓபன்ஸ்ட்ரீட்மேப்பின் அடிப்படை விதியும் அதுவே: நிலத்தில் இருப்பதை எழுது, இருக்கவேண்டியது என்று நினைப்பதை எழுதாதே.

இனி, சாவி யாரிடம் என்ற கேள்வி. கணக்கில்லாமல் யூமேப்பில் வரைந்தால் திருத்துவதற்கு ஓர் இரகசிய இணைப்பு தருவார்கள். அது தொலைந்தால் வரைபடம் இணையத்தில் நிற்கும், திருத்த ஆளிருக்காது. ஆர்வமுள்ள ஒரு தம்பி வரைவான், வெளிநாடு போவான், இணைப்பும் அவனோடு போகும். ஆகவே சங்கத்தின் பெயரில் கணக்குத் திறந்து, குறைந்தது மூன்று பேருக்குத் திருத்தும் உரிமை கொடுத்து, வருஷக் கூட்டத்தில் கணக்கறிக்கை வாசிக்கும்போதே வரைபடத்தையும் திரையில் போட்டுக் காட்டினால் எது பழசாயிற்று என்று சபையே சொல்லிவிடும். தரவை ஒரு கோப்பாக இறக்கி, கிராம அபிவிருத்திச் சங்கத்தின் கணினியில் ஒரு பிரதியும் வைத்துக்கொள்ளலாம்.

கடைசியாக, மழைக்கு மின்சாரம் போகும், கோபுரம் விழும், கைபேசி அணையும். வரைபடம் அதிகம் தேவைப்படும் நாளில் இணையம் இருக்காது. ஓர்கானிக் மேப்ஸ், ஓஸ்ம்அண்ட் போன்ற செயலிகள் மாவட்டத்தையே கைபேசிக்குள் இறக்கிவைக்கும். படகோடுகிறவர்களின் கைபேசிகளில் அதைப் போட்டுக் கொடுக்கலாம். அதற்கும் மேலே, வரைபடத்தை ஏ3 தாளில் அச்சிட்டு, தேதி எழுதி, லமினேற் செய்து, கிராம சேவகரின் அலுவலகத்திலும் கோயில் மண்டபத்திலும் பள்ளிவாசலிலும் மீனவர் சங்கத்திலும் மாட்டவேண்டும். பழைய தாளைக் கழற்றாமல் அதன் மேலேயே புதுத் தாளை ஒட்டிவிடும் வழக்கம் நம்மிடம் உண்டு, கழற்றிவிட்டு மாட்டுங்கள். அச்சகங்களில் ஐப்பசி பிறந்தால் நாட்காட்டி வேலை குவிந்துவிடும், மழையும் தொடங்கிவிடும். புரட்டாதிக்குள் கொடுத்தால் சுணங்காது.